வேம்புக்கே பூச்சியா? வெட்டும் முன் எறும்பைப் பாருங்கள்

கேள்வி: எங்களுடையது நெசவாளர் தெரு. வாசலில் முப்பது வயதுக்கு மேலான வேப்ப மரம் நிற்கிறது. வெயில் ஏறுவதற்கு முன், அந்த மரத்தை ஒட்டித்தான் பாவு நீட்டுவோம். தை மாதத்தில் இருந்து மரத்தில் பிசின் போல ஏதோ சொட்டுகிறது. பட்டு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பிரிக்கும்போது அறுந்துபோகின்றன. சிறு கிளைகளில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. இலைகள் கரி பூசியதுபோலக் கறுத்துவிட்டன. வேம்புக்கே பூச்சி வருமா? மரத்தை வெட்டிவிடலாம் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்து பதில் எழுத மனம் வரவில்லை. ஒரு பாவு என்பது மூன்று சேலைக்கான இழை. அது கெட்டால் ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பும், கடன் வாங்கிப் போட்ட பட்டும் போயிற்று. மறுபக்கம், முப்பது ஆண்டு வேம்பை வெட்டினால் அந்தத் தெருவின் நிழல் போய்விடும். இன்று கன்று வைத்தால் அந்த நிழலைப் பார்க்க இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அதனால் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிலேயே போனேன்.

மரத்தின் அடியில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் சுற்றி நின்று, "மேலே பாருங்க சார், எப்படி வெளுத்துப் போயிருக்கு" என்று கிளையைக் காட்டினார்கள். நான் முதலில் பார்த்தது அடிமரத்தை. இரண்டு வரிசையாக எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. மேலே ஏறும் எறும்பின் வயிறு ஒட்டியிருந்தது. கீழே இறங்கும் எறும்பின் வயிறு உப்பிப் பளபளத்தது. அதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். மேலே யாரோ பந்தி வைத்திருக்கிறார்கள், எறும்புகள் சாப்பிட்டுவிட்டு வருகின்றன.

அந்த வீட்டுப் பாட்டி மட்டும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். "வேம்பு ஊருக்கெல்லாம் மருந்து. அதுக்கு வந்த நோய்க்கு மருந்தே இல்லையா சார்?" என்று கேட்டார். மருந்து உண்டு. ஆனால் கடையில் கேட்டு வாங்கும் மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

இது என்ன பூச்சி?

கிளையில் பஞ்சுபோல ஒட்டியிருந்தது புல்வினேரியா இனத்தைச் சேர்ந்த செதில் பூச்சி. தென்னிந்தியாவில் வேம்பில் இது அவ்வப்போது கூட்டமாக வரும். நாம் பஞ்சு என்று நினைப்பது அதன் முட்டைப் பை. தாய்ப்பூச்சி மெழுகு நூலால் அந்தப் பையைச் செய்து, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை இடுகிறது.

முட்டையில் இருந்து வரும் குஞ்சுக்குக் கால் உண்டு. ஊசிமுனை அளவே இருக்கும் அது, கொஞ்ச நேரம் ஊர்ந்து நல்ல இடம் தேடும். காற்றிலும், காக்கை குருவியின் காலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்கும் போகும். இடம் கிடைத்ததும் ஊசி போன்ற வாயைப் பட்டையிலோ இலை நரம்பிலோ குத்தி உட்கார்ந்துவிடும். பிறகு மேலே மெழுகு மூடிக்கொள்ளும். அந்த மூடிதான் செதில். மூடிக்குள் போய்விட்ட பூச்சிமேல் எந்த மருந்து தெளித்தாலும் பாதிதான் பலிக்கும். ஊர்ந்து திரியும் குஞ்சுப் பருவத்தில்தான் அதை எளிதாகப் பிடிக்கலாம்.

வேம்பு கசக்குமே, பூச்சி எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் வேப்பங்கொட்டையில்தான் அதிகம். இலையைக் கடித்துத் தின்னும் பூச்சிக்குக் கசப்புத் தெரியும். செதில் பூச்சி கடிப்பதில்லை. மரத்துக்குள் சர்க்கரை ஓடும் குழாயில் நேராக வாயை வைத்து உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் இனிப்பு நிறைய, சத்து குறைவு. வேண்டிய சத்துக்காகப் பூச்சி நிறையக் குடிக்கிறது, மிச்சமான இனிப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. உங்கள் பாவில் விழுந்தது பிசின் அல்ல, அந்த இனிப்பு நீர்தான். அதே நீர் இலைமேல் படிந்து, அதில் கரும்பூசணம் வளர்ந்ததால் இலை கறுத்தது.

எறும்பு ஏன் முக்கியம்?

மாடு வளர்ப்பவர் புல் போட்டு, நாய் நரி வராமல் காவல் இருந்து, பாலைக் கறந்துகொள்வதுபோல எறும்புகள் செதில் பூச்சியைக் காக்கின்றன. இனிப்பு நீர் எறும்புக்கு உணவு. அதனால் செதிலைத் தின்ன வரும் பொறிவண்டையும், செதிலுக்குள் முட்டையிட வரும் கண்ணுக்குத் தெரியாத சிறு குளவிகளையும் எறும்புகள் துரத்துகின்றன. எறும்பு ஏறும் வரையில் நன்மை செய்யும் பூச்சிகள் கிளையில் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. எறும்பு நின்றால் அவை தாமாகவே வரும்.

அந்தத் தெருவில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போட்டிருந்தார்கள். மழை நீர் இறங்க வழியில்லை. தண்ணீருக்குத் தவிக்கும் மரம், சாறு உறிஞ்சும் பூச்சியின் தாக்குதலைத் தாங்காது. இரண்டாவது, தெருப் புழுதி இலைமேல் தடிமனாகப் படிந்திருந்தது. புழுதி இருக்கும் இலையில் அந்தச் சிறு குளவிகள் செதிலைத் தேடிப் பிடிக்கச் சிரமப்படும். ஆக, மரத்தைச் சுற்றி நாம் செய்ததும் பூச்சிக்கு உதவியாக இருந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

அன்று அங்கே சொன்னதையே வரிசையாக எழுதுகிறேன். வேம்புக்கு மட்டுமல்ல, வாசலில் நிற்கும் பூவரசு, புங்கம், மா எதில் மென்செதிலும் எறும்பும் சேர்ந்து வந்தாலும் இதுவே முறை.

1. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளையில் பத்துப் பதினைந்து செதிலை நகத்தால் நசுக்குங்கள். ஈரம் வந்தால் உயிருள்ளது. தூளாக உதிர்ந்தால் செத்தது. செத்த செதில் மரத்தை விட்டு உடனே விழாது, மாதக்கணக்கில் ஒட்டியே இருக்கும். அதைப் பார்த்து மருந்து அடித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. செதிலின் முதுகில் வட்டமாகச் சிறு துளை இருந்தால், குளவி தன் வேலையை முடித்து வெளியே போயிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட துளைகள் நிறையத் தெரிந்தால் மருந்து அடிக்காமல் காத்திருங்கள்.

2. மிக மோசமான சிறு கிளைகளை வெட்டுங்கள். பெருங்கிளையைத் தொட வேண்டாம். வெட்டியதைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகாமல், மரத்தடியிலேயே சாக்கில் போட்டுக் கட்டி, ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

3. எறும்பின் பாதையை அடையுங்கள். இடுப்பு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பாலித்தீன் பட்டை கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகக் கிரீஸ் பூசக் கூடாது, மரப்பட்டை வெந்துபோகும். பாலித்தீனுக்கும் மரத்துக்கும் இடையே சந்து இருந்தால் களிமண்ணால் அடையுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். புழுதியும் சருகும் ஒட்டினால் அதையே பாலமாக்கி எறும்பு கடந்துவிடும். வீட்டுச் சுவர், ஓடு, கேபிள் ஒயர் இவற்றைத் தொடும் கிளை நுனியையும் கழித்துவிடுங்கள். அடிமரத்தில் வழியை அடைத்துவிட்டு மாடியில் வழி விட்டால் பயனில்லை. மின்கம்பியின் அருகில் உள்ள கிளையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், மின்வாரிய ஊழியரைக் கூப்பிடுங்கள்.

4. தண்ணீரால் அடியுங்கள். ரப்பர் குழாயின் வாயைக் கட்டை விரலால் அடைத்து, வேகமாகப் பீய்ச்சினாலே ஊர்ந்து திரியும் குஞ்சுகள் நிறைய விழுந்துவிடும். புழுதியும் இனிப்பு நீரும் கழுவிப்போகும்.

5. எட்டும் உயரத்துக்கு வேப்பெண்ணெய் தெளியுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயோடு சோப்புக் கரைசலை நன்றாகக் கலக்கி, பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பால் போல வெளுத்து வந்தால் சரியாகக் கலந்திருக்கிறது. எண்ணெய் மேலே மிதந்தால் அடிக்காதீர்கள், இலை கருகும். இதற்குப் பதிலாக மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்தும் தெளிக்கலாம். இவை பூச்சியின் உடலில் படலமாகப் படிந்து மூச்சை அடைக்கும், அதனால் பூச்சிமேல் நேராகப் பட வேண்டும். மாலை நேரத்தில், முதலில் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, மற்ற இடங்களில் அடியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டாவது முறை. முட்டைப் பைக்குள் இருந்தவை பொரித்து வரும்போது இந்த இரண்டாவது தெளிப்புதான் பிடிக்கும்.

6. வேரடியைத் திறந்து விடுங்கள். அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சிமெண்டைப் பெயர்த்து, மக்கிய எரு போட்டு, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

நெசவாளர் வீடுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. எண்ணெய் தெளிக்கும் நாளிலும் மறுநாளும் மரத்தடியில் பாவு நீட்டாதீர்கள். பட்டில் பட்ட எண்ணெய்க் கறை போகாது. ஒழுகுவது நிற்கும் வரையில் பாவை நாலு வீடு தள்ளி நீட்டிக்கொள்ளுங்கள்.

கடும் மருந்து ஏன் வேண்டாம்?

"வேரில் ஊற்றினால் மரம் முழுக்க ஏறும் மருந்து கடையில் இருக்காமே சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கிறது. ஆனால் அது ஏறும் இடம் எது என்று யோசியுங்கள். பங்குனி, சித்திரையில் இந்த மரம் பூக்கும். அந்தப் பூவைத்தான் வருடப் பிறப்பன்று பச்சடியில் போடுகிறோம். ஆடியில் இதே இலையைத்தான் அம்மனுக்கு ஒடித்துக் கட்டுகிறோம். அம்மை கண்ட குழந்தையின் படுக்கையிலும் இதே இலைதான். பூவுக்கு வரும் தேனீயும் இருக்கிறது. ஊரே கை நீட்டி ஒடிக்கும் மரத்துக்குள் விஷத்தை ஏற்றக் கூடாது. எண்ணெய்த் தெளிப்பைக்கூடப் பூ வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொன்னேன்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவறால் வந்தது. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமப் பள்ளியின் செம்பருத்தி வேலியிலும் பூவரசிலும் மாவுப்பூச்சி வந்தது. கடுமையான பூச்சிக்கொல்லி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை அடித்தார்கள். ஒரு வாரம் எல்லாம் அடங்கினதுபோல இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனால் முன்பைவிட இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. மெழுகுப் பைக்குள் இருந்த முட்டைகள் தப்பிவிட்டன. வெளியே திரிந்த பொறிவண்டுகள்தாம் செத்தன. வேலியடியில் அவை கருமணி உதிர்ந்ததுபோலக் கிடந்ததை இன்றும் மறக்கவில்லை. தலைமை ஆசிரியர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பூவரசை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

தமிழ்நாடு ஏற்கெனவே கற்ற பாடம்

செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் பங்காளிகள். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி அது. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, தேக்கு, வீட்டுச் செம்பருத்தி என்று பரவியது. களையாக நிற்கும் பார்த்தீனியத்திலும் பெருகியது. மல்பெரியில் வந்ததுதான் பட்டுக்காரர்களுக்குப் பெரிய அடி. புழுவுக்குப் போடும் இலையில் மருந்து அடிக்க முடியாது, அடித்தாலும் பூச்சி சாகவில்லை. மல்பெரித் தோட்டத்தையே அழித்தவர்கள் உண்டு.

பூச்சி இங்கே வந்தது, அதன் எதிரி வரவில்லை என்பதே உண்மையான சிக்கல். 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் மூன்று வகைச் சிறு குளவிகள் பெங்களூருவில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. சோதித்த பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைத்தது. எள்ளைவிடச் சிறியது அது. தெளிப்பான் சாதிக்காததை அது சில மாதங்களில் சாதித்தது. மருந்து அடிப்பதை நிறுத்திய தோட்டங்களில்தான் அதனால் வாழ முடிந்தது.

மரங்களில் இதற்கும் பழைய கதை ஒன்று உண்டு. 1928-ல் நீலகிரியில் சீகை போன்ற வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி ஒன்று கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவில் இருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய், அங்கே ஆரஞ்சுத் தோப்புகளை அழித்த அதே பூச்சி. 1888-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து ரொடோலியா என்ற சிறு சிவப்புப் பொறிவண்டைக் கொண்டுபோய் விட்டுத்தான் கலிஃபோர்னியா தப்பியது. நீலகிரிக்கும் 1929-ல் அதே வண்டு வரவழைக்கப்பட்டது. பூச்சி அடங்கியது. ஒவ்வொரு முறையும் மரத்தைக் காத்தது பூச்சியின் எதிரிதான். நம் வாசல் வேம்புக்கு அந்த எதிரியை வெளிநாட்டில் இருந்து வரவழைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிறது. எறும்பையும் விஷத்தையும் விலக்கி அதற்கு வழி விட்டால் போதும்.

பிறகு என்ன ஆயிற்று?

மாசியில் பட்டை கட்டினார்கள். பூ வருவதற்கு முன் இரண்டு தெளிப்பும் முடிந்தது. முதல் மூன்று வாரம் ஒழுகுவது குறையவில்லை. "இன்னும் சொட்டுது சார்" என்று தொலைபேசியில் சொன்னபோது குரலில் சலிப்பு தெரிந்தது. வெட்டுவதாக இருந்தால் மாநகராட்சியின் அனுமதி வாங்க வேண்டும், அந்த மனுவை எழுதுவதற்கு முன் சித்திரை வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பங்குனிக் கடைசியில் அதே தம்பி கூப்பிட்டு, கிளையில் பொறிவண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். ஆடியில் போய்ப் பார்த்தேன். செதில் முழுதாகப் போகவில்லை. போகவும் போகாது. ஆனால் நசுக்கிப் பார்த்த இருபதில் பதினாறு வெறும் கூடு. இலைக் கருமை உச்சிக் கிளைகளில் மட்டும் மிச்சம் இருந்தது. மரத்தடியில் பழையபடி பாவு நீட்டியிருந்தார்கள். பாட்டி கிரீஸ் பட்டைக்கு மேலே மஞ்சள் துணியை மாற்றிக் கட்டியிருந்தார்.

கேள்வி: செம்பருத்தியில் வந்த மாவுப்பூச்சியை நாள்தோறும் கையால் நசுக்கி வருகிறேன். அவற்றில் சில மட்டும் பெரிதாக, உடல் முழுக்க வெள்ளைக் குஞ்சத்தோடு வேகமாக ஓடுகின்றன. அவைதான் தாய்ப்பூச்சியா? அவற்றைத் தேடித் தேடிக் கொல்கிறேன்.
– வாசகி, உத்திரமேரூர்

பதில்: அம்மா, இன்றோடு நிறுத்திவிடுங்கள். வேகமாக ஓடுவது மாவுப்பூச்சி அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் இளம்புழு. மாவுப்பூச்சி போலவே வேஷம் போட்டிருக்கும். மாவுப்பூச்சி மெதுவாக நகரும், அல்லது அசையாமல் இருக்கும். வெள்ளைக் குஞ்சம் நீளமாக இருந்து, தொட்டால் ஓடினால் அது நண்பன். வளர்ந்த வண்டு கறுப்பு இறக்கையும் செம்மஞ்சள் தலையுமாக இருக்கும். பெயர் கிரிப்டோலீமஸ். காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக 1898-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே தங்கிவிட்டது. உங்கள் செடியில் தானாக வந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். கையால் நசுக்குவதானால் அசையாதவற்றை மட்டும் நசுக்குங்கள். வராத இடங்களில் இந்த வண்டை வாங்கியும் விடலாம், மரத்துக்கு 10 வண்டு வரை போதும். கிடைக்கும் இடத்தை உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். எங்கள் பக்கத்துக்குக் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. வண்டை விட்ட பிறகு எந்தப் பூச்சிக்கொல்லியும் அடிக்கக் கூடாது.

கேள்வி: வீட்டு முன் அரளி வைத்திருக்கிறோம். இலையிலும் தண்டிலும் வட்டமாக, தட்டையாக, வெளிறிய பொட்டு வைத்ததுபோல ஒட்டியிருக்கிறது. எறும்பும் இல்லை, ஒழுகலும் இல்லை. இது என்ன?
– வாசகர், வாலாஜாபாத்

பதில்: இது கடினச் செதில் பூச்சி. மென்செதில் மட்டுமே இனிப்பு நீரை ஒழுக விடும். கடினச் செதில் விடாது, அதனால் எறும்பு வராது. நகத்தால் ஓட்டை நெம்பினால் ஓடு தனியாக வரும், அடியில் மஞ்சளாகப் பூச்சி தெரியும். எறும்புப் பட்டை இதற்குத் தேவையில்லை. அதிகமாக உள்ள தண்டுகளை வெட்டிவிட்டு, மேலே சொன்ன அளவில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு அல்லது வேப்பெண்ணெயைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை இலையின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள்.

வெட்டும்போது கவனம் தேவை. அரளியின் பால், இலை, பூ எல்லாமே நஞ்சு. கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டியதை எரிக்கவே கூடாது, அந்தப் புகையும் கெடுதல். ஆடு மாடு வாய் வைக்காதபடி குழி தோண்டிப் புதையுங்கள்.

கேள்வி: மா இலையும் நந்தியாவட்டை இலையும் கறுத்துவிட்டன. பூசணக்கொல்லி வாங்கி அடித்தேன். போகவில்லையே?
– வாசகர், செய்யாறு

பதில்: போகாது. கரும்பூசணம் இலைக்குள் போகும் நோய் அல்ல. மேலே சிந்திய இனிப்பு நீரில் வளரும் அழுக்கு. வெயிலை மறைப்பதால் இலை இளைக்கும், அவ்வளவுதான். இலையைத் திருப்பி நரம்போரம் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ செதிலும், அதைச் சுற்றி எறும்பும் இருக்கும். அதை அடக்கினால் புதுத் தளிர் சுத்தமாக வரும். பழைய கருமையைப் போக்க, ஒரு கிலோ மைதா மாவை 5 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, 20 லிட்டராக்கி வெயிலுள்ள நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் அப்பளம் போல உரிந்து, கருமையையும் எடுத்துக்கொண்டு விழும். மேகமூட்டமான நாளில் அடித்தால் பயன் இல்லை. நெடிய மரத்துக்கு இந்த வேலை வேண்டாம், வருகிற மழை கழுவிவிடும்.

மாதிரி அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சி உள்ள கிளையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புகிறீர்கள், வந்து சேரும்போது அழுகிவிடுகிறது. செய்தித்தாளில் சுற்றிக் காகித உறையில் வையுங்கள். மரத்தின் பெயர், எந்த மாதம் முதல் இருக்கிறது, இதுவரை என்ன மருந்து அடித்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். கூடவே, அடிமரத்தில் எறும்பு ஏறுகிறதா என்பதையும் பார்த்து எழுதிவிடுங்கள். பாதிப் பதில் உங்களுக்கே கிடைத்துவிடும்.